வலப்பக்கக் கதவு

ஓஸ்டர்விக், மின்னசோட்டா
1988 மே 6

ஆர்டிஸ்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. அம்மா போனபோது உனக்கு எழுதியதுதான் கடைசி, பதினாலு வருஷம் ஆகிறது. அதற்கு நீ ஓர் அட்டை அனுப்பினாய். அச்சடித்த இரண்டு வரி, அடியில் உன் பெயர். நான் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் போகிற போக்கில் கொட்டிய பனி, பழைய தானியக் கொட்டகையின் கூரையை உட்காரவைத்துவிட்டது. உள்ளே இருந்தது செல்மரின் பிக்கப் வண்டி. அண்ணன் போன நாளிலிருந்து அம்மா அதை விற்கவும் விடவில்லை, தொடவும் விடவில்லை; அவள் போன பிறகு எனக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. இப்போது வேறு வழியில்லாமல் டிராக்டரில் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். டயர் நாலும் சப்பை. தரைத் தகடு அரித்துவிட்டது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. மாவட்ட ரோட்டுத் துறை ஷெட்டில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சரிசெய்து ஓட்டப்போகிறேன்.

வண்டிப் பத்திரம் இன்னும் செல்மர் பெயரிலும் உன் பெயரிலும் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் நம்பர் பலகை தரமாட்டார்கள். காகிதம் உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்போதைக்குக் கதவுகளோடு மல்லுக்கட்டுகிறேன். இடப்பக்கக் கதவு தனியாகச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. டிசம்பரில் ஏரி உறைந்ததும், வண்டியை ஐஸ் மேல் இறக்கும் முன்னால் கீல் பின்களைத் தட்டி எடுத்துக் கதவு இரண்டையும் கழற்றி வைப்போமே, ஐஸ் உடைந்து வண்டி உள்ளே போனாலும் ஆள் வெளியே குதிக்கலாம் என்று. உன் டூசானில் இதைச் சொன்னால் பைத்தியக்காரக் கூட்டம் என்பார்கள். வலப்பக்கக் கதவு மட்டும் வண்டியிலேயே நிற்கிறது. மேல் கீலிலும் கீழ்க் கீலிலும் பின் துருவோடு துருவாகி, அசையமாட்டேன் என்கிறது. பத்து நாளாகக் காலையும் மாலையும் எண்ணெய் விட்டுப் பார்க்கிறேன். இதுவரை பலன் எதுவும் இல்லை.

நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

வெர்லின்


டூசான், அரிசோனா
மே 17

வெர்லின்,

அந்த அட்டையைத் தேட மூன்று கடை ஏறி இறங்கினேன். மற்ற அட்டைகளில் எல்லாம் "அன்பு மாமியார்" என்று இருந்தது. செல்மரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சர்ச்சில் எல்லார் காதிலும் விழும்படி, "புருஷனை வீட்டுல தங்கவைக்கத் தெரியாதவ, இவளும் ஒரு பொண்டாட்டியா?" என்று உன் அம்மா கேட்டபோது நீ உன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதை நான் எந்த அட்டையிலும் எழுதவில்லை. ஆகவே நீயும் விடு.

இங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் மூக்கில் கண்ணாடியை மாட்டி "இப்போ தெரியுதா, இப்போ?" என்று கேட்பதுதான் தொழில். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஊரில் ஆறு என்று ஒன்று இருக்கிறது, அதில் மணல்தான் ஓடும். இந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

வண்டியைக் காயலான் கடைக்குப் போடு. மனசு வராது என்றால் எஞ்சினைப் பார், சாயம் அடி, சீட்டைத் தை, என்ன வேண்டுமானாலும் செய். வலப்பக்கக் கதவைத் தொடாதே. எண்ணெய் விடுவதையும் நிறுத்து. ஏன் என்று கேட்காதே. காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை, என்னிடமே இருக்கிறது.

ஆர்டிஸ்


ஓஸ்டர்விக்
மே 28

ஆர்டிஸ்,

தொப்பி விஷயம் உண்மைதான். நான் பேசியிருக்க வேண்டும்.

ஆனால் கதவை விட்டுவைக்க முடியாது. கீல் பிடித்திருக்கும் தூண் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டு போகிறது. கதவைக் கழற்றாமல் அங்கே கை போகாது. அதனால் எண்ணெயை விட்டுவிட்டுச் சூட்டுக்கு மாறினேன். கேஸ் வைத்துக் கீலைச் செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சிவப்பு இறங்கியதும் மெழுகுவத்தியைப் பின்னின் ஓரத்தில் வைத்தால், எண்ணெய் நுழையாத இடுக்கில்கூட மெழுகு உருகி உள்ளே இறங்கும். பிறகு பஞ்ச் உளியை வைத்துக் கீழேயிருந்து மேலே அடிக்க வேண்டும். மேலேயிருந்து அடிக்கவே கூடாது, பின்னின் தலையில் பல் வெட்டியிருக்கும், அடிக்க அடிக்க இறுகும். இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், நல்ல வெயில், ஷெட் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தது. கீழ்க் கீலைக் காய்ச்சினேன். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. காய்ந்த இரும்பிலிருந்து ஆவி வரலாம், ஒத்துக்கொள்கிறேன். இது சொட்டியது, ஆர்டிஸ். கையில் பட்டது. ஜில்லென்று இருந்தது. மோந்து பார்த்தேன், ஏரி வாசம்.

பஞ்ச் உளியை வைத்து மூன்று அடி அடித்துவிட்டு நிறுத்தினேன். நிறுத்திய பிறகு உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். தகடு ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் போடும், அதை ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். இது கையால் தட்டுகிற சத்தம்.

நான் மட்டும் கேட்டிருந்தால் காதுக்கு வயசாகிவிட்டது என்று விட்டிருப்பேன். பக்கத்துப் பண்ணை ஹில்டிங்கும் அங்கே இருந்தான். காப்பி நேரம் என்றால் எங்கிருந்தாலும் வந்துவிடுவான், தெரியுமே.

"யாருய்யா உள்ள?" என்றான்.

"யாருமில்ல. தகடு ஆறுது."

"தகடு இப்படியா ஆறும்? நான் தெரியாம பாத்ரூமை வெளிய பூட்டிட்டா எம் பொண்டாட்டி இப்படித்தான் தட்டுவா."

"சும்மா இருக்கமாட்டே?"

"நான் சும்மாதான் இருக்கேன். உன் கதவுதான் சும்மா இல்ல." கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "சரி, மாடு காத்துக்கிட்டிருக்கும்" என்று போய்விட்டான். அவன் மாட்டையெல்லாம் விற்று நாலு வருஷம் ஆகிறது.

நீ தொடாதே என்கிறாய். எனக்கு இந்தக் கதவிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, இருபத்தாறு வருஷமாக அதுதான் என்னைத் தின்கிறது. இடப்பக்கம் கதவே இல்லாமல் திறந்து கிடந்தது. செல்மர் ஸ்டியரிங் பக்கம் இருந்தவன், இடப்பக்கம் சரிந்தாலே வெளியே வந்திருப்பான். அவன் ஏன் வலப்பக்கம் போய்ச் செத்தான்?

வெர்லின்


டூசான்
ஜூன் 4

வெர்லின்,

கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது. பதிலுக்கு, நான் கேட்பதற்கு ஒழுங்காக எழுது. கிண்டல் வேண்டாம்.

உள்ளங்கையால் தட்டியதுபோல இருந்ததா, விரல் முட்டியாலா? எத்தனை தடவை? ஒரே மூச்சிலா, நடுவில் நிறுத்தியா? கண்ணாடிப் பக்கமா, கைப்பிடிக்குக் கீழேயா? தட்டியபோது நீ ஏதாவது பேசினாயா? பேசியிருந்தால் யார் பேரைச் சொன்னாய்?

ஹில்டிங்கிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. அவன் வாயில் விழுந்தால் ஊருக்கே தண்டோரா போட்டதுபோலத்தான்.

இதற்குப் பதில் வரும்வரை சுத்தியலைத் தொடாதே. தயவுசெய்து. உன்னிடம் நான் இந்த வார்த்தையை இதற்கு முன் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன்.

ஆர்டிஸ்


ஓஸ்டர்விக்
ஜூன் 12

ஆர்டிஸ்,

கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே. முட்டியால்தான். மூன்று தட்டு, ஒரு மூச்சு இழுக்கிற நேரம், அப்புறம் ஒன்று. அந்தக் கடைசித் தட்டு மெதுவாக இருக்கும். இதுவரை ஐந்து நாள் கேட்டுவிட்டேன், ஒரு தட்டு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "செல்மர், நீயா?" என்றேன். உடனே நின்றுவிட்டது. எனக்கு அது பதில் மாதிரித் தோன்றவில்லை. இருட்டில் நம்மை வேறு ஆள் என்று நினைத்து யாராவது கூப்பிட்டால் பேசாமல் நிற்போமே, அப்படி இருந்தது.

இன்னொன்று. அந்தக் கதவுக் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஆவி படிகிறது. வண்டியின் மறுபக்கம் கதவே இல்லை, காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது, வெளியே எண்பது டிகிரி. துடைத்தால் மறுபடி படிகிறது. உட்பக்கத்தில்தான் படிகிறது, தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. செல்மர் ஆறடி இரண்டு அங்குலம். அவன் மூச்சு அங்கே படாது.

நீ சொன்னபடி கிண்டல் இல்லாமல் எழுதிவிட்டேன். இனி என் முறை. கதவு உள்ளேயிருந்து தட்டுகிறது என்று ஒருத்தன் எழுதினால், யாராயிருந்தாலும் "டாக்டரைப் பார்" என்று பதில் போடுவார்கள். நீ முட்டியா உள்ளங்கையா என்று கேட்கிறாய்.

அந்தச் சனிக்கிழமையைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். டிசம்பர் 9. அம்மாவும் நானும் சர்ச்சில் மீன் விருந்துக்குப் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டோம். நீ தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாய். நாலு மணிக்குத் திரும்பினால், நீ அடுப்பை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். அம்மாவின் கம்பளி அங்கியைப் போர்த்தியிருந்தாய். தலை ஈரமாக இருந்தது. "குளிச்சேன்" என்றாய். "செல்மர் எங்க?" என்று நான் கேட்டேன். "ஐஸ் மேல உக்காந்து மீன் பிடிக்கிற குடிலை நகர்த்தி வைக்க ஏரிக்குப் போனான்" என்றாய். மறுநாள் காலையில்தான் ஐஸில் ஓட்டையைக் கண்டுபிடித்தோம். ஆறாம் நாள் வின்ச் வைத்து வண்டியை இழுத்தோம். வலப்பக்கக் கதவில் தோளை முட்டுக்கொடுத்தபடி இருந்தான்.

தலைவலிக்காரி அந்தக் குளிரில் ஏன் தலை குளித்தாள் என்று இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வாரம் தோன்றியது.

கீழ்ப் பின் வியாழக்கிழமை வெளியே வந்துவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்னால், சத்தியமாக. மேல் பின் மட்டும் மிச்சம். அந்தப் பின்னைப் பற்றி நானும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பதில் எழுது, பிறகு சொல்கிறேன்.

வெர்லின்


டூசான்
ஜூன் 24

வெர்லின்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

அந்தக் கதவைத் தட்டியது செல்மர் இல்லை. நான்தான். மூன்று, அப்புறம் ஒன்று. உயிரோடு இருக்கிறவர்களில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், இதுவரை.

அன்றைக்கு நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். தலைவலி பொய். நீயும் உன் அம்மாவும் விருந்துக்குப் போகும்வரை காத்திருந்தேன். அந்த வீட்டில் என் கையால் ஒரு காப்பி போட்டாலும் உன் அம்மா அதைக் கொட்டிவிட்டு வேறு போடுவாள். தனியாகப் போவோம் என்று இரண்டு வருஷம் கெஞ்சினேன், செல்மர் சரி சரி என்பான், ஒன்றும் செய்யமாட்டான். ஏரியின் மேற்குக் கரையிலிருந்து மூன்று மணிக்கு மினியாபொலிஸ் பஸ். ரோட்டில் சுற்றிப் போனால் முப்பது மைல், ஏரி மேல் போனால் நாலு. அவனே கொண்டுவிடுகிறேன் என்றான். "நாலு நாளைக்கு உங்க அக்கா வீட்டுல இரு, கோபம் ஆறினதும் நானே வந்து கூட்டிட்டு வர்றேன்" என்றான். என்னை ஒரேயடியாக அனுப்பிவைக்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை.

கரையிலிருந்து அரை மைல் போயிருப்போம். முன்பக்கம் முதலில் இறங்கியது. சத்தமே இல்லை. முழங்கால்வரை தண்ணீர் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் பக்கக் கதவைத் தள்ளினேன், ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. முட்டியால் தட்டினேன். எதற்கு, யார் திறப்பார்கள் என்று? தெரியாது. தட்டினேன்.

அவன் பக்கம் திறந்து கிடந்தது. அவன் ஒரு காலை வெளியே வைத்தால் போதும். அவன் என் பக்கம் வந்தான். என் கோட்டுப் பட்டையைப் பிடித்து, தன் மடி மேலாக இழுத்து, என்னை அந்தப் பக்கம் போட்டு, பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளினான். அதனால்தான் அவன் வலப்பக்கம் இருந்தான். உன் கேள்விக்கு இதுதான் பதில். இடம் மாறினோம், அவ்வளவுதான்.

ஐஸ் ஓரத்தைப் பிடித்து ஏறினேன். பின்னால் வருகிறான் என்று நினைத்து நடந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வீட்டுப் படியேறித்தான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக ஏரி மட்டும் இருந்தது.

நான் ஹில்டிங் வீட்டுக்கு ஓடவில்லை. போனை எடுக்கவில்லை. ஈரத் துணியைக் கழற்றி அடுப்பில் போட்டேன். அடுப்பருகே உட்கார்ந்தேன். நீங்கள் வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அரை மைல் தூரத்திலிருந்து ஐஸுக்கு அடியில் தட்டும் சத்தம் கேட்க முடியாது. எனக்குக் கேட்டது. நீ "செல்மர் எங்க?" என்று கேட்டாய். நான் சொன்ன முதல் பொய் வாயிலிருந்து தானாக வந்தது, அதற்குப் பிறகு அதை மாற்ற வழியில்லாமல் போய்விட்டது.

அந்தக் கதவுக்குள் இருப்பது நான், வெர்லின். உயிரோடு ஒருத்தி இங்கே மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருக்க, அங்கே எப்படி இருக்க முடியும் என்று கேட்காதே. மேல் பின்னை எடுக்காதே. திறந்தால் என்ன வெளியே வரும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆர்டிஸ்


ஓஸ்டர்விக்
ஜூன் 26, ஞாயிறு

ஆர்டிஸ்,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. காத்திருக்க முடியவில்லை. எழுதி முடித்ததும் இன்றைக்கே தபாலாபீஸ் பெட்டியில் போட்டுவிடப் போகிறேன், இல்லையென்றால் தைரியம் போய்விடும்.

மேல் பின் இன்று மத்தியானம் வெளியே வந்தது. தலையை ட்ரில் போட்டுக் குடைந்துதான் எடுக்க முடிந்தது. ஏனென்றால் தலை நாணயம்போலச் சப்பிப்போய், பின் நடுவில் வளைந்திருந்தது. துரு அதை வளைக்கவில்லை. அதன் மேல் சுத்தியல் தழும்பு இருந்தது, இரண்டு அங்குலச் சுத்தியல், ஓரத்தில் பிறை மாதிரி உடைந்தது. அந்தச் சுத்தியல் இன்னும் என் பலகையில் தொங்குகிறது.

அந்தச் சனிக்கிழமை காலையில் செல்மர் என்னிடம், "ரெண்டு கதவையும் கழட்டி வச்சிடு" என்றான். இடப்பக்கத்தை ஒழுங்காகக் கழற்றினேன். வலப்பக்கம் பின் அசையவில்லை. காய்ச்ச நேரமில்லை, அம்மா சர்ச்சுக்குக் கிளம்பு கிளம்பு என்று கத்திக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து அடித்தேன். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த தப்பு, தெரிந்தே செய்தேன், அவசரம். நாலாவது அடியில் பின் வளைந்தது. கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. மேலே கிரீஸைத் தடவி, பனியை அள்ளி அப்பி மறைத்தேன். "அந்தப் பக்கம் என்னாச்சு?" என்று கேட்டான். "நாளைக்குக் கழட்டிக்கலாம், நல்லாத்தான் திறக்குது" என்றேன்.

நல்லாத்தான் திறக்குது. என் அண்ணனிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான்.

ஏதோ காரணத்துக்காக அவன் அந்தக் கதவை நம்பி அந்தப் பக்கம் போனான், நான் சொன்ன பொய்யை நம்பி. இதுதான் நான் சொல்ல இருந்தது. நீ இனி எனக்கு எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், குடித்துவிட்டு எழுதவில்லை. அந்தப் பின் கீழே விழுந்தது. கதவைத் தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். கீலிலிருந்து ஒரு கோப்பை அளவு தண்ணீர் கொட்டியது. தட்டும் சத்தம் இல்லை. கண்ணாடி துடைத்துவிட்டதுபோலத் தெளிந்திருந்தது. கை கழுவிவிட்டுத் திரும்பினால் சிமெண்டுத் தரையில் ஈரத் தடம். பெண்பிள்ளை ஷூ, சின்னது, குதிகால் உயர்ந்தது. வண்டியின் இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது, வலப்பக்கத்திலிருந்து இல்லை. ஷெட்டைத் தாண்டி, சரளை மேல் தொடர்ந்து, படியேறி என் சமையலறைக்குள் போகிறது. பட்டப்பகல், சூரியன் காய்கிறது, தடம் உலரவே இல்லை. அடுப்புப் பக்கத்து நாற்காலியோடு முடிகிறது. அதன் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

ஒரே ஒரு ஜோடிக் கால்தான். ஆர்டிஸ், அது யார்?

வெர்லின்


டூசான்
ஜூலை 4

வெர்லின்,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இதற்குள் கிடைத்திருக்கும். அது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் உன் பாரத்தை இறக்கிவைக்கிறேன். போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் என் பங்கு கூடுமே என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு முற்றத்தில் செல்மர் எனக்காக அந்தக் கதவைத் திறந்தான். ஒரு சாண் வந்து நின்றது. குனிந்து பார்த்தான், பனியை விரலால் வழித்தான், சிரித்தான்.

"மேலேர்ந்து அடிச்சு வச்சிருக்கான் பாரு, முட்டாப் பய" என்றான். "காலையிலேர்ந்து என் கண்ணைப் பாக்காம ஓடுறான், இதுக்குத்தானா? ஒண்ணும் கேட்டுக்காதே ஆர்டிஸ், பாவம் கூச்சப்படுவான். நாளைக்கு நானே காய்ச்சி எடுத்துடறேன்."

அவனுக்குத் தெரியும். உன் பொய்யை அவன் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அவன் பக்கமாகத்தான் ஏறி உள்ளே நகர்ந்தேன். "அந்தக் கதவு திறக்காது, நடுவுல எம் பக்கத்துல உக்காரு" என்றான். நான் கோபத்தில் அவனைவிட்டு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, அந்தக் கதவோடு ஒட்டி உட்கார்ந்தேன். நடுவில் உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கமாக வெளியே குதித்திருப்போம். பின்னை வளைத்தது நீ. அங்கே போய் உட்கார்ந்தது நான். யார் பங்கு எவ்வளவு என்று நாம் இரண்டு பேரும் இனி எடைபோட வேண்டாம், எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் கால்கள் சூடாயின. நூற்றைந்து டிகிரி வெயிலில் கம்பளிக் காலுறை போடுகிறவள் நான். கடையில் எல்லாரும் கேலி செய்வார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் காலுறையைக் கழற்றி வெறுங்காலோடு தரையில் நின்றேன். நின்று அழுதேன். எத்தனை மணிக்கு அந்தப் பின் விழுந்தது என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

ஆனால் நீ எழுதிய ஒரு வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஒரே ஒரு ஜோடிக் கால் என்கிறாய். சரியாகப் பார்த்தாயா? வண்டிக்கு அடியில், சுவரோரம், எல்லா இடமும் பார்த்தாயா? பார்த்திருப்பாய், நீ அப்படிப்பட்டவன்தான்.

அப்படியென்றால் நான் மட்டும்தான் இறங்கியிருக்கிறேன். இந்தத் தடவையும் திரும்பிப் பார்க்காமல் நேராக அடுப்புக்குப் போயிருக்கிறேன். அவன் இன்னும் உள்ளே இருக்கிறான்.

கதவைத் திரும்ப மாட்டாதே. வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாதே. பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன், மேற்குக் கரையில் வந்து கூட்டிக்கொண்டு போ, ரோட்டு வழியாக. உன் சமையலறை எனக்கு வேண்டாம். நேரே ஷெட்டுக்கு வருவேன். ஒரு நாற்காலிகூடப் போடாதே, நான் உட்காரப்போவதில்லை. அவன் இறங்கி வரும்வரை வண்டிப் பக்கத்திலேயே நிற்பேன்.

ஆர்டிஸ்